திறவுகோல், பதினான்காம் பதிப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் ஒருவர் பல் டாக்டர் ஆக வேண்டுமென்றால் அதற்கு வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆவடி ரயில் நிலையத்துக்குப் பின்னால், உர மூட்டைக் கிடங்குக்கு மேல்மாடியில், "மணவாளன் பொது ரசாயனப் பயிற்சிக் கழகம்" என்று பலகை மாட்டியிருந்த இடத்தில் ஒரு வருஷம் படிக்க வேண்டும். படித்து, "தேர்வெழுதத் தகுதியுடையவர்" என்ற சான்றிதழை வாங்க வேண்டும். அது கையில் இருந்தால்தான் தென்திசைப் பல் மருத்துவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு உள்ளே விடுவார்கள்.

கழகத்தின் தலைவர் மணவாளன். சான்றிதழில் கையெழுத்திடுபவர் மணவாளன். பாடப் புத்தகமான "பொது ரசாயனத் திறவுகோல்" எழுதியவர் மணவாளன். நுழைவுத் தேர்வின் ரசாயனத் தாளைத் திருத்துபவர், வேறு யார், அவரேதான். ஒரே மனிதர் இத்தனை வேலையையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு திரிகிறாரே என்று ஊர் அவர்மேல் இரக்கப்பட்டது. பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டிருந்தார். எந்தப் பாடத்தில் எம்.ஏ. என்று கேட்பது நாகரிகமல்ல என்பதால் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்துக்குத்தான் ஞானசௌந்தரி வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா ராயப்பன் குமணன்சாவடியில், பெங்களூர் லாரிகள் நிற்கிற இடத்தில் பாட்டரிக் கடை வைத்திருந்தார். லாரி பாட்டரிக்கு ஆசிட் கலந்து ஊற்றி, சார்ஜ் ஏற்றிக் கொடுக்கிற கடை. இருபத்திரண்டு வருஷம் ஆசிட் ஆவியில் நின்றதில் அவருடைய காக்கிச் சட்டைகள் சல்லடையாகிவிட்டன. முன்பற்கள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. குளிர்ந்த தண்ணீர் வாயில் பட்டால் கண்ணில் நீர் வரும். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். தெருவில் லாரி மெக்கானிக்குகள் இருந்தார்கள், டயர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பல் இருந்தது. பாட்டரி வேலை செய்கிற மூன்று பேருக்கு மட்டும் இல்லை. ஆசிட் பல்லை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, அதை நிறுத்த முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சௌந்தரிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்த அரிப்பு. பி.யு.சி.யில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாள். இனி வேண்டியது ஒரு சீட்டு.

முதல் நாள் புதிய மாணவர்கள் அறுபது பேருக்கும் சோதனைக் குழாய் தரிசனம் நடந்தது. கழகத்தில் இருந்தது ஒரே ஒரு சோதனைக் குழாய். அதை ஒரு கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, மாலை போட்டு, குங்குமம் வைத்திருந்தார்கள். பியூன் தசரதன் சாவி போட்டுத் திறந்து கற்பூரம் காட்டினார். ஆளுக்குப் பத்து விநாடி. தொட்டுப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டுவிட்டான்.

"தொட்டால் உடையும்," என்றார் மணவாளன். "உடைந்த குழாயில் அறிவு தங்காது. கண்ணால் பார், மனத்தால் பிடி. கையால் பிடிப்பவன் தொழிலாளி. நீங்கள் டாக்டர் ஆகப் போகிறவர்கள்."

தினமும் காலையில் பிரார்த்தனை உண்டு. ஹைட்ரஜன் தொடங்கி யுரேனியம் வரை தனிமங்களின் பெயரை நின்றபடி ஒப்பிக்க வேண்டும். தங்கம், வெள்ளி வரும்போது கை கூப்ப வேண்டும். இரும்பு, ஈயத்துக்குக் கையைத் தொங்கவிட்டால் போதும். நடுவில் யாராவது இருமினால் மறுபடியும் ஹைட்ரஜன். மழைக்காலத்தில் சில நாள் யுரேனியம் வந்து சேரவே மத்தியானம் ஆகிவிடும்.

செய்முறை வகுப்புதான் கழகத்தின் பெருமை. அறுபது பேரும் வெறுங்கையோடு வரிசையில் நிற்பார்கள். "வலக் கையில் குழாய் இருப்பதாகக் கொள்க," என்பார் மணவாளன். அறுபது வலக் கைகள் இல்லாத குழாயைப் பிடிக்கும். "இடக் கையில் குளோரின் இருப்பதாகக் கொள்க. முகர்க." அறுபது மூக்குகள் சுளிக்கும். சுளிப்புக்கு மூன்று மதிப்பெண். ஒரு மாணவன் தும்மல் வந்து இரண்டு கையையும் விரித்துவிட்டான். இல்லாத குழாயை உடைத்த குற்றத்துக்காக அவனை ஒரு வாரம் நீக்கிவைத்தார்கள். மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, தசரதன் துடைப்பத்தோடு வந்து இல்லாத கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளினார்.

இதையெல்லாம் சௌந்தரி பொறுத்துக்கொண்டாள். பாடத்தோடு தொல்லை வந்தது நாற்பத்தேழாம் பக்கத்தில்தான்.

கந்தக அமிலத்தில் நீர் கலந்து அதன் வீரியத்தைக் குறைப்பது எப்படி என்பது அந்தப் பக்கத்துப் பாடம். "குடுவையில் அமிலத்தை எடுத்துக்கொண்டு, அதன்மீது நீரை விரைந்து ஊற்றுக," என்று இருந்தது. சௌந்தரி எழுந்து நின்றாள்.

"சார், இது தலைகீழா அச்சாயிருக்கு. தண்ணியிலதான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். ஆசிட்டு மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு மேல தெறிக்கும்."

"யார் சொன்னது?"

"எங்கப்பா சார். பாட்டரிக் கடை வெச்சிருக்காரு."

மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "திறவுகோல் இப்போது பதினான்காம் பதிப்பில் இருக்கிறது. உன் தகப்பனார் எத்தனையாவது பதிப்பு?"

தலைவர் நகைச்சுவை சொன்னால் எட்டு விநாடி சிரிக்க வேண்டும் என்பது கழக விதி. எட்டு விநாடி சிரித்தார்கள். பிறகு மணவாளன் பேசினார்.

"ஒரு வாக்கியம் ஒரு முறை தவறாக அச்சானால் அது பிழை. பதினான்கு முறை அச்சானால் அது மரபு. இந்த வாக்கியத்தைத் தேர்வில் எழுதி நானூறு பேர் தேறியிருக்கிறார்கள். சரி என்று குறி போட்டவன் நானே. அவர்களில் ஒருவருக்காவது கை வெந்ததுண்டா? இல்லை. ஏனென்றால் ஒருவரையும் நான் அமிலத்தின் பக்கம் விட்டதில்லை. இதைவிடப் பாதுகாப்பான முறை உலகில் வேறு உண்டா?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கழகம் ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ள இடம். அமிலத்தில் நீரா, நீரில் அமிலமா என்பதைத் தீர்மானிக்க ஊழியர் கூட்டம் கூட்டி வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்று ஆசிரியர்கள், தட்டச்சர், நூலகமே இல்லாத கழகத்தின் நூலகர், காவல்காரர், கட்டடச் சொந்தக்காரர் என்ற முறையில் உரக் கிடங்கு முதலாளி, பியூன் தசரதன், ஆக எட்டு வாக்கு. அமிலத்தின்மீது நீர் ஊற்றுவதற்கு ஏழு பேர் கை தூக்கினார்கள். தசரதன் மட்டும் தூக்கவில்லை. அவர் முன்பு அம்பத்தூரில் ஒரு சோப்புப் பட்டறையில் ஆசிட் ஜாடி தூக்கியவர். "அமிலத்தை நேரில் அறிந்தவர் நடுநிலையாளர் ஆகமாட்டார்," என்று அவருடைய வாக்கைத் தள்ளுபடி செய்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த வாரம் ராயப்பனுக்கு ஆள் போயிற்று. மாதா கோயிலுக்குப் போட்டுப் போகிற, ஓட்டையில்லாத ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வந்தார். மணவாளன் நாற்காலியைக் காட்டவில்லை. தட்டச்சடித்த ஒரு தாளை நீட்டி, சௌந்தரியையே உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள்.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் அமிலத்தை நீரில் ஊற்றி வந்தது என் அறியாமையால் நேர்ந்த பிழை. அமிலத்தின்மீது நீரை ஊற்றுவதே முறை. என் மகளின் திமிருக்கு அவளை வளர்த்த நானே பொறுப்பு."

ராயப்பன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். "சார், இத்த நம்பி எவனாவது ஊத்தினான்னு வெச்சுக்க, மூஞ்சி பூடும் சார். நான் கண்ணால பாத்துகீறேன்."

"கையெழுத்து இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் தேர்வு இல்லை. உங்கள் பெண் உங்கள் கடையிலேயே உட்கார்ந்து ஆசிட் ஊற்றலாம், உங்கள் முறைப்படி," என்றார் மணவாளன். "உங்கள் வாயைப் பார்த்தால் அந்த முறையின் பலன் நன்றாகவே தெரிகிறது."

மூன்று ஆசிரியர்களும் எட்டு விநாடி சிரித்தார்கள். ராயப்பன் குனிந்து கையெழுத்துப் போட்டார். சௌந்தரி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ராயப்பன்தான் பேசினார். "அட வுடும்மா. நமக்கு சீட்டு முக்கியம். அந்தாளு இன்னா வேணா எழுதி வாங்கிக்கினு போவட்டும். எது சரின்னு ஆசிட்டுக்கும் தண்ணிக்கும் தெரியுமில்ல?"

அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. அவளுக்கு இல்லை. அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று அந்தப் பஸ் நிறுத்தத்திலேயே முடிவு செய்தாள். பழிவாங்க நினைக்கிறவர்கள் கத்தி எடுப்பார்கள், மொட்டைக் கடுதாசி எழுதுவார்கள், செய்வினை வைப்பார்கள். சௌந்தரி எடுத்துக்கொண்ட ஆயுதம் கீழ்ப்படிதல்.

மறுநாளிலிருந்து கழகத்தில் அவளைப் போல ஒரு மாணவி இல்லை. யுரேனியம் வரை இருமாமல் போனாள். குளோரினுக்கு அவள் மூக்கைச் சுளித்த சுளிப்பைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண் எரிந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். "திருந்திய பெண்" என்று மணவாளன் வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டினார். ஆறு மாதம் இப்படிப் போயிற்று.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேர்வுக் குழுவுக்கு டாக்டர் தேவராஜ் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். அவர் வந்ததும் வராததுமாக, "உங்கள் கழகத்தில் மாணவர்கள் எதையாவது கையால் தொடுகிறார்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். கல்லூரியின் ஆட்சிக் குழுத் தலைவர் அப்பாவுவும் தானும் நேரில் வருவதாகவும், உண்மையான அமிலத்தைக் கொண்டு ஒரு செய்முறையாவது செய்து காட்ட வேண்டும் என்றும் கண்டிருந்தது.

கழகமே ஆடிப்போயிற்று. உண்மையான அமிலம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மஞ்சள் நிறம் என்றார் ஒருவர். திறவுகோலில் நிறம் போடவில்லை. கடைசியில் மணவாளன் சௌந்தரியைக் கூப்பிட்டு, உன் தகப்பனாரிடம் ஒரு ஜாடி வாங்கி வா, கழகத்துக்கு நன்கொடையாக, என்றார்.

ராயப்பன் கொடுத்தனுப்பினார். கூடவே தன் ரப்பர் மேலங்கியையும் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியையும் கொடுத்தார். "யம்மா, இது கெட்டி ஆசிட்டு. பாட்டரியில ஊத்துற தண்ணி ஆசிட்டு இல்ல. அவுராண்ட சொல்லிடு."

"சொல்றேன் நைனா," என்றாள் சௌந்தரி. சொன்னாள். "கெட்டியாக இருந்தால்தான் மரியாதை," என்று மணவாளன் ஜாடியை வாங்கி அலமாரியில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

விழா மொட்டைமாடியில் நடந்தது. சாமியானா, வாழை மரம், ரோஜா மாலை எல்லாம் இருந்தன. ஆட்சிக் குழுத் தலைவர் அப்பாவு அரிசி ஆலைக்காரர். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். டாக்டர் தேவராஜ் அம்பத்தூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. அவருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று மணவாளன் முடிவு செய்தார். பெரியவர்களுக்கு முன்னால் மாணவர்கள் நெருங்கி உட்காருவது மரியாதை இல்லை என்று சௌந்தரி தசரதனிடம் சொன்னாள். தசரதன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அறுபது பேரையும் கைப்பிடிச் சுவர் வரைக்கும் பின்னால் தள்ளி உட்கார வைத்தார். தானும் அவர்களோடு போய் நின்றுகொண்டார்.

"ஒரு காலத்தில் இந்தப் பெண் திறவுகோலையே எதிர்த்தாள்," என்று மணவாளன் அப்பாவுவிடம் சொன்னார். "இன்று அவளே செய்து காட்டுவாள். ஞானசௌந்தரி, ஊற்று."

சௌந்தரி கை கூப்பினாள். "ஐயா, பதினான்கு பதிப்பு கண்ட கை இங்கே இருக்கும்போது நான் ஊற்றுவதா? நான் பக்கம் நாற்பத்தேழைப் படிக்கிறேன். ஐயா ஊற்ற வேண்டும்."

கைதட்டல் எழுந்தது. மணவாளனுக்கு முகம் மலர்ந்தது. மேசைக்கு வந்து ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சௌந்தரி ரப்பர் மேலங்கியையும் கண்ணாடியையும் நீட்டினாள்.

"இது என்ன?"

"போட்டுக்கொண்டால் நல்லது ஐயா."

"திறவுகோலில் இருக்கிறதா?"

"இல்லை ஐயா."

"பிறகு?"

அவள் எடுத்துக்கொண்டு போய் ஓரமாக வைத்தாள். அவருடைய கண்ணுக்கு ஏற்கெனவே சோடாப் புட்டிக் கண்ணாடி இருந்தது. கண் போய்விடுமோ என்கிற கவலை அவளுக்கு இல்லாமல் இல்லை. மற்றதைப் பற்றி இல்லை. பதினைந்தடி தள்ளி நின்று புத்தகத்தைத் திறந்தாள்.

"குடுவையில் அமிலத்தை எடுத்துக்கொண்டு," என்று படித்தாள். எடுத்துக்கொண்டார். "அதன்மீது நீரை," என்றாள். செம்பைத் தூக்கினார். "விரைந்து," என்று நிறுத்தி, மறுபடியும், "விரைந்து ஊற்றுக."

பெரிய வாணலியில் கடுகு தாளித்த மாதிரி ஒரு சத்தம். வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. குடுவையின் வாயிலிருந்து பொறிப்பொறியாகத் தெறித்து, மணவாளனின் மல் ஜிப்பா, மல் வேட்டி, அங்கவஸ்திரம் எல்லாவற்றிலும் விழுந்தது. முன்வரிசையில் அப்பாவுவின் கதர்மேல் தூறல் போட்டது.

மணவாளன் பின்வாங்கிவிடவில்லை. "பார்த்தீர்களா! அமிலம் ஆர்ப்பரிக்கிறது! இதுதான் உயிருள்ள ரசாயனம்!" என்றார். ஆசிரியர்கள் கைதட்டினார்கள். மாணவர்கள் கைதட்டினார்கள். மணவாளன் நெஞ்சைச் சொறிந்துகொண்டே தலைமை உரையைத் தொடங்கினார்.

தலைவர் உரையின்போது யாரும் எழக் கூடாது, பேசக் கூடாது என்பது கழகத்தின் பன்னிரண்டாம் விதி. சௌந்தரி ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரும், தயாராக வைத்திருந்த சோடா உப்பும் கொண்டுவந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள்.

"கேள்விகள் இறுதியில்," என்றார் மணவாளன்.

அவள் கையை இறக்கவில்லை. வாளியோடு நின்றாள். அவளுக்குத் தெரியும். பருத்தித் துணியில் கெட்டி ஆசிட் பட்டால் முதலில் ஈரம் மாதிரித்தான் தெரியும். பிறகு பழுப்பாகும். வெயில் இருந்தால் கால் மணி நேரத்தில் கறுத்து உதிரும். அன்றைக்கு நல்ல வெயில்.

"நான் எதையும் ஒளித்தவன் அல்ல," என்றார் மணவாளன். அங்கவஸ்திரத்தின் ஒரு முனை தானாகக் கழன்று தரையில் விழுந்தது. "என் வாழ்க்கை திறந்த புத்தகம்." ஜிப்பாவின் நெஞ்சுப்பகுதியில் ஆறு ஓட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஓட்டையாகின. "முன்னாலிருந்து பாருங்கள், பின்னாலிருந்து பாருங்கள், என்னிடம் குறை காண முடியாது." தொடையில் எரிந்திருக்க வேண்டும். ஒரு காலை மற்றொரு காலில் தேய்த்துக்கொண்டார். தேய்த்த இடத்தில் வேட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. "உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரையும் கிடையாது!"

உண்மையிலேயே கிடையாது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாக இல்லாத குழாயைப் பார்க்கப் பழகிய அறுபது பேர், இருக்கிற ஓட்டையைப் பார்க்காமல் இருக்கவும் பழகியிருந்தார்கள். அப்பாவு ஒரு முறை எழப் பார்த்தார். "உட்காருங்கள், தலைவர் உரை," என்று தட்டச்சர் அவர் தோளை அமுக்கினார். அமுக்கிய கையில் தோள்துணி வந்துவிட்டது. தட்டச்சர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இருபதாவது நிமிஷத்தில் டாக்டர் தேவராஜ் படியேறி வந்தார். நெட்டையான மனிதர். மேல்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். குடுவையைப் பார்த்தார். பட்டாபட்டி டிராயரும் பாதி ஜிப்பாவுமாகச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"ஆசிட்டுல தண்ணி ஊத்தின மடையன் யாருய்யா?"

கழகத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அறுபது மாணவர்களும் எழுந்து நின்று, காலைப் பிரார்த்தனைக் குரலில், "பக்கம் நாற்பத்தேழு! பதினான்காம் பதிப்பு! ஆசிரியர் மணவாளன், எம்.ஏ.!" என்று ஒப்பித்தார்கள்.

தேவராஜ் சௌந்தரி கையிலிருந்த வாளியைப் பிடுங்கி மணவாளன் தலையில் கவிழ்த்தார். மிச்சமிருந்த ஜிப்பாவும் அதோடு போயிற்று.

கல்லூரியில் மூன்று நாள் விசாரணை நடந்தது. உடம்பெல்லாம் களிம்பு தடவிக்கொண்டு வந்த மணவாளன், தவறு தன்னுடையதல்ல, அமிலத்தினுடையது என்று வாதாடினார். திறவுகோலின்படி நடந்துகொள்ளாத தரங்கெட்ட அமிலத்தைக் கொடுத்த கடைக்காரர்மேல் நடவடிக்கை வேண்டும் என்றார். தேவராஜ் கழகத்தின் கோப்பை வரவழைத்தார். வாக்கெடுப்புத் தீர்மானத்தைப் படித்தார். ராயப்பனிடம் எழுதி வாங்கிய தாளைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அந்த வருஷம் சான்றிதழ் வேண்டாம், வருகிறவர்கள் எல்லாரும் தேர்வு எழுதலாம், ரசாயனத் தாளை நானே திருத்துவேன் என்று அறிவித்துவிட்டு எழுந்து போனார்.

தேர்வில் கடைசிக் கேள்வி, அமில ஆவி படுகிற இடத்தில் வேலை செய்பவர்களின் பற்கள் எவ்வாறு கெடும் என்பது. சௌந்தரி எட்டுப் பக்கம் எழுதினாள். மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தவளிடமிருந்து தாளைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஜூலை மாதம் சேர்க்கைக் கடிதம் வந்தது. நான்காவது இடம். ராயப்பன் கடிதத்தைக் கடைக்கு வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் காட்டியதில், ஆசிட் விரல் பட்டு அதன் ஓரமே பழுப்பாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்துக் காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. மணவாளன் இறங்கினார். கையில் ஒரு படிவம். கழகம் மறுபடி திறக்க வேண்டுமானால் கல்லூரி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அமிலம் கையாளுவதில் பத்தாண்டு அனுபவம் உள்ள ஒருவர் முன்னிலையில் தலைவர் தம் கையாலேயே அமிலத்தை நீரில் கலந்து காட்டி, தேர்ச்சிச் சான்று பெற வேண்டும். அவர் எங்கெங்கோ விசாரித்துப் பார்த்திருக்கிறார். தெருவில் பாட்டரி வேலை செய்கிற மற்ற இருவருக்கும் பத்து ஆண்டு ஆகவில்லை; பக்கத்தில் அப்படிப்பட்ட ஆள் ராயப்பன் ஒருவர்தான்.

"வாங்க சார், ஒக்காருங்க," என்று ராயப்பன் ஸ்டூலைத் துடைத்தார்.

"பரீட்சைக்கு வந்தவங்க நிக்கணும் நைனா," என்றாள் சௌந்தரி. மணவாளன் நின்றார். டீக்கடையிலிருந்த டிரைவர்கள் கிளாசோடு எழுந்து வந்தார்கள்.

ராயப்பன் பீங்கான் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஆசிட் ஜாடியைப் பக்கத்தில் வைத்தார். மேலங்கியையும் கண்ணாடியையும் மணவாளனுக்குத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். "பயப்படாதீங்க சார். மெதுவா. நூல் மாதிரி வுடுங்க. குச்சியால கலக்கிக்கினே இருங்க. அவசரம் வேணாம், லாரி நிக்கட்டும்."

மணவாளன் குனிந்து ஊற்றினார். நூல் மாதிரி விட்டார். கலக்கினார். சத்தம் இல்லை, ஆவி இல்லை, ஒன்றும் இல்லை. தொட்டி சூடானது, அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் சார். ஒண்ணும் ஆவலன்னா அதான் சரி," என்றார் ராயப்பன்.

படிவத்தை நிரப்பியது சௌந்தரி. பெயர் எழுதினாள், தேதி எழுதினாள். தேர்ச்சி, தோல்வி என்று இரண்டு இருந்தன, பொருந்தாததை அடிக்க வேண்டும். தேர்ச்சியை அடித்தாள். காரணம் என்ற இடத்தில் "கை நடுக்கம்" என்று எழுதி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்துவிட்டு அப்பாவிடம் பேனாவை நீட்டினாள். ராயப்பன் மகள் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மணவாளன் தாளை வாங்கிப் படித்தார். வாழ்நாள் முழுக்கப் படிவத்தை நம்பி வாழ்ந்த மனிதர், படிவத்தில் இருப்பதை மறுத்துப் பேச அவருக்குத் தெரியவில்லை.

"மறுதேர்வு எப்போது?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷம்," என்றாள் சௌந்தரி.

டிரைவர்கள் சிரித்தார்கள். எட்டு விநாடியில் நிற்கவில்லை. ரிக்‌ஷா பூந்தமல்லிப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் சிரித்தார்கள். சௌந்தரிக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. வருமோ என்று பார்த்தாள், வரவில்லை.

ராயப்பன் தொட்டியை மூடி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா நீ? அந்தாளு கை எங்க நடுங்குச்சு? சுத்தமாத்தானே ஊத்துனாரு?"

"ஆமா நைனா. அவுரு கை நடுங்கல."

"அப்புறம்?"

"அன்னிக்கு கழகத்துல அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டப்போ உன் கை நடுங்குச்சு. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்."